இரண்டு விநாடி

நள்ளிரவு இரண்டரை.
சந்தைப் பையின் ஜிப்பைத் திறந்ததும்
நான் தேடியது ஈறை.

பெயர் கேட்கவில்லை.
எந்த மாடி என்றும் கேட்கவில்லை.
உதட்டைத் தூக்கி,
கோரைப்பல்லுக்கு மேலே விரலால் அழுத்தி, விட்டேன்.
ஒன்று.
இரண்டு.
மூன்று.
உரித்த ரம்புத்தான் போல
இன்னும் வெள்ளை.

நூற்றுப்பத்து, என்றாள் தாதி ஹஸ்லிண்டா,
காதுக் குழலைக் கழற்றாமல்.
நமக்கென்றால் அது பேருந்தைத் துரத்திய நெஞ்சு.
பூனைக்கு அது
கடைசி ரயில் போனபின்
ஆளில்லாமல் ஊர்கிற மின்படி.

முன்னங்கால் நாளம் ஒளிந்துகொண்டது.
மூன்றாம் முறை ஊசி நுழைந்தது.
மெதுவாக, என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.
அவசரப்பட்டு உப்புநீரைத் தள்ளினால்
சின்ன நுரையீரல்
உள்ளுக்குள்ளேயே மூழ்கிவிடும்.
எக்ஸ்ரே பிறகு. தாடை பிறகு.
ஒற்றைச் சாக்ஸுக்குள் வெந்நீர்ப் போத்தல்,
மூக்கருகே ஆக்சிஜன்.

வெளியே
படிவத்தில் புளோக் எண்ணை எழுதி
எழுதி அடித்துக்கொண்டிருந்தார் குவெக்.
வீவக வீட்டில் பூனை கூடாது என்றிருந்த நாளெல்லாம்
திரைக்குப் பின்னே வளர்த்த கை.
இப்போது கூடும், அங்கிள், என்றேன்.
தெரியும், உரிமமும் வாங்கிவிட்டேன், என்றார்.
மறுபடி அடித்தார்.
சன்னல் வலைக்காரன்
செவ்வாய்க்கிழமை வருவதாக இருந்தானாம்.

அவர் உதடும் அதே வெள்ளை.
ஹஸ்லிண்டா தந்த மைலோவை
இரண்டு கையாலும் பிடித்திருந்தார்,
குடிக்கவில்லை.
முன்பணம் எண்ணூறு வெள்ளி
என்று சொல்ல வேண்டியவள் நான்.
சொன்னேன்,
வரிசை எண் அழைக்கும் இயந்திரத்தின் குரலில்.

நூற்று நாற்பது.
நூற்று அறுபத்தெட்டு.
நாலரைக்கு மறுபடி அழுத்தினேன்.
ஒன்று. இரண்-
ஜம்புப் பழத்தின் தோல் நிறம்
என் விரலடியில் ஊறி வந்தது.

பிழைத்துவிட்டது என்று சொல்லவில்லை.
இன்னும் ஒரு நாள் போகட்டும், என்றேன்.
வாய்க்குள் பார்க்கக் குனிந்தபோது
உடைந்த தாடையோடு
என் கட்டைவிரலைக் கடித்தது.
'சாகிறது கடிக்காது, டாக்டர்'
என்று ஹஸ்லிண்டா சிரித்தாள்.
அப்போதுதான் பெயர் கேட்டேன்.
'மீ பொக்,' என்றார் குவெக்.
அவர் கையில் மைலோ
ஆடை கட்டியிருந்தது.

குழாயடியில் சோப்பு நுரைக்குள்
கடிபட்ட விரலின் நகத்தை
அழுத்தி, விட்டேன்.
பழக்கம்.
எண்ணத் தொடங்குமுன்
வாசல் மணி அடித்தது:
யாரோ, துண்டில் சுற்றி,
எதையோ.