வெல்லம் இருந்த இடம்

நாலு பேர், ஒரு நாய், ஒரு பழைய றோசா பஸ்.
பின்சீற்றுகளைக் கழற்றிப்போட்டு
உள்ளே கட்டில் அடித்தவன் என் மனுசன் துவாரகன்.
காஸ் அடுப்பு ஒரு பக்கம், தண்ணிக் கான் மறுபக்கம்.
நடுவில் நாய் படுத்தால்
ஒருத்தரும் கதவுக்குப் போக ஏலாது.

வவுனியாவில் இருட்டோடு வெளிக்கிட்டும்
முல்லைத்தீவில் கடலைக் காண ஒன்பதரை.
சின்னவன் வழியில் இரண்டு தரம் சத்தி.

முதல் இடத்தில் வெட்டின புல்லு, வண்ணக் குடைகள்,
பிளக் போயின்ற், சுடுதண்ணி எல்லாம் இருந்தது.
"பிள்ளையள் பிரச்சினை இல்லை. நாய் வெளியில."
வெளியில் எண்டால்?
"கேற்றுக்கு வெளியில."
மிதுசா பஸ்சை விட்டு இறங்கவேயில்லை.

அளம்பிலில் ஒருவர் நாயைப் பார்த்துச் சிரித்தார்.
அவருடைய மூன்று நாய்களும் சிரிக்கவில்லை.
கிணறும் உவர்.
ஊற்றின பிளேன்ரீயை மண்ணுக்குக் கொடுத்தோம்.

செம்மலை தாண்டி மூன்றாவது.
சவுக்கு நிழல். சில்லுப் புதையாத இறுகின நிலம்.
கிணற்றில் நாக்குக்கு இனிக்கிற தண்ணி.
மலசலகூடத்துக்குக் கொழுக்கியும் இருந்தது
(நான் முதலில் பார்ப்பது அதைத்தான்).
அமலதாசன் அண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு
"இரவுக்கு ஆயிரத்தைந்நூறு. நாய்க்குக் காசில்லை.
ஆமை ஏறுற மாசம், பொழுதுபட்டாப் பிறகு கட்டிவையுங்கோ,
அவ்வளவுதான்" என்றார்.
நான் மனதுக்குள் பாயை விரித்துவிட்டேன்.

அப்போதுதான் வெல்லம் இருந்தாள்.

கடதாசியில் அவள் பெயர் பெல்லா.
எங்கள் வீட்டு வாயில் விழுந்து வெல்லமானாள்.
ஆறு வருசம் வன்னி மண்ணை மணந்து உழைத்தவள்.
ஓய்வு உண்டு, பென்சன் இல்லை.
கையில் தரும்போது அந்தப் பெடியன் சொன்னது:
"களைச்சு இருந்தா நாக்குத் தொங்கும் அக்கா.
வேலைக்கு இருந்தா வாய் மூடியிருக்கும்."

வாய் மூடியிருந்தது.

தாழம்பற்றைக்கு நாலு முழம் இப்பால்
காது நிமிர்த்தி, மூக்கு நிலத்தைப் பார்த்து,
கூப்பிட வரவில்லை.
பிஸ்கற் காட்டியும் வரவில்லை.

"எல்லாம் கிளியர் பண்ணின இடம்,
சேட்டிபிக்கற் வீட்டில கிடக்கு" என்றார் அண்ணை.
அவர் குரலில் கோபம்.
பிறகு, எங்களைப் பாராமல்,
பற்றைப் பக்கம் மேய்ந்த தன் ஆடுகளை
ஒவ்வொன்றாய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

துவாரகன் சின்னவனைத் தோளில் தூக்கினான்.
நான் மிதுசாவின் கையைப் பிடித்தேன்.
வந்த சில்லுத் தடத்திலேயே
ஒரு காலுக்குப் பின் ஒரு கால்,
கடலுக்கு முகம் காட்டியபடி
பின்னால் நடந்தோம்.
நாங்கள் தடத்துக்கு வந்தபிறகுதான்
வெல்லம் எழும்பினாள்.
பிஸ்கற்றை அப்போது கேட்டாள்.

பழைய இரும்போ, மீனுக்கு எறிகிற வெடியோ,
கிழட்டு மூக்கின் ஞாபகப் பிசகோ.
அண்ணை போனில் யாருக்கோ
இடத்தை விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார்.
தண்ணிக் கானை நிரப்பித் தந்தார்.
காசு வாங்கவில்லை.

நாயாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
கரவலைக்காரர் வாடியருகே நிறுத்தினோம்.
பிளக் இல்லை. கொழுக்கி இல்லை.
மலசலகூடமே இல்லை.
மீன் நாற்றமும் இலையானும் தாராளம்.
வெல்லத்தை இறக்கிவிட்டு
நாலு பேரும் பஸ் படியிலேயே நின்றோம்.
அவள் ஒரு வட்டம் சுற்றினாள்,
வலைத்துண்டு ஒன்றில் மூத்திரம் பெய்தாள்,
பிறகு தொப்பென்று இருந்தாள்.

நாக்கு வெளியில், ஒரு சாண்.

"இதுதான்" என்றாள் மிதுசா.

கூடாரத்தோடு எட்டு ஆப்பும் ஒரு சுத்தியலும் வந்திருந்தன.
துவாரகன் சுத்தியலைக் கையில் எடுத்தான்,
நிலத்தைப் பார்த்தான்,
திரும்பப் பெட்டிக்குள் வைத்தான்.
கயிற்றின் நாலு முனையில்
இரண்டைப் பஸ் சில்லில் கட்டினான்.
மற்ற இரண்டுக்கும்
வாடியில் போய்க்
கல்லுக் கேட்டான்.