மின்கலம் மாற்றப் போன நாள்

மலார்குவேயிலிருந்து இரண்டு மணி நேரம்.
சக்கரம் புதையும் சதுப்பு, பிறகு முள், பிறகு வெறும் காற்று.
ஒன்பது நாளாகப் பேசாத தொட்டிக்கு
பேட்டரி கொண்டு போகிறேன்.
ஒரு பள்ளிச் சிறுவன் தன் குதிரையின் பெயரை
இதற்கு வைத்திருந்தான்: செவேரோ.

உள்ளே பன்னிரண்டு டன் தண்ணீர்.
எந்த வாயும் படாதது.
ஒரு பொட்டு வெயில் காணாமல்
பதினாறு வருடமாக நிற்கிறது.
இப்படி ஆயிரத்து அறுநூறு,
ஒன்றின் கூப்பாடு இன்னொன்றுக்குக் கேட்காத தூரத்தில்.
மாடு முதுகு சொறியும். நரி நிழலுக்குப் படுக்கும்.
யாரோ ஒருமுறை சுட்டும் பார்த்திருக்கிறார்கள்.

"பிடிபட்டதா?" என்றாள் நெலிதா மன்கேல்
ஆட்டுத் திருடனை விசாரிப்பது போல.

பிடிபட்டது. போன வியாழன், பின்னிரவு.
ஓங்கி எறிந்த கல்லின் விசை முழுதும்
ஓர் அணுக்கருவுக்குள்.
மேல்காற்றில் மோதிச் சிதறி
கோடி கோடியாய் இறங்கியது.
கண் இமைப்பதற்குள் அல்ல,
இமைக்கலாமா என்று கண் யோசிப்பதற்குள்
பதினெட்டுத் தொட்டிகள் நீலம் கண்டன.
சதுரக் கிலோமீட்டருக்கு நூறாண்டில் ஒருமுறை வருவது;
செவேரோ தூங்கிவிட்டான்.
வரைபடத்தின் நட்ட நடுவே
விழுந்த பல்லின் இடம்.

வந்த திசைக்குக் கோடு இழுத்தோம்.
இந்த ஊரில் நதிமூலம் சுலபம், எல்லாம் மலைப்பனி.
கோட்டின் முனையிலோ
சொல்லிக்கொள்ள ஒரு விண்மீன் திரள் இல்லை.
வழியில் காந்தப்புலம் வளைத்திருக்கும் என்கிறாள்
கணக்குப் பார்க்கும் ஓத்தில்யா.
எவ்வளவு?
"எந்தக் கரு என்று சொல், வளைவைச் சொல்கிறேன்.
வளைவைச் சொல், கருவைச் சொல்கிறேன்."

நெலிதா சிரிக்கவில்லை.
குளிர்காலத்தில் அவளுடைய பதினோரு ஆடுகள் தொலைந்தன.
தடம் நேராக வடக்கே போயிற்று;
வடக்கில் ஆடு இல்லை.
"சோண்டா அடித்தால் ஆடு காற்றுக்கு முதுகு கொடுக்கும்.
கிடா கொஞ்சம் ஒதுங்கும். குட்டி எங்கேயோ போய்விடும்."
கிடைத்ததா?
"எட்டு."
மீதியைக் கேட்பதற்குள் மாத்தே குவளையை நீட்டினாள்.
கசப்பு. சூடு.

திருகாணி முறுக்கி முடித்து ரேடியோவில் கூப்பிட்டேன்.
பேசுகிறானா?
"பேசுகிறான்," என்றாள் ஓத்தில்யா,
"வழக்கமான மியூவான் தூறல். நொடிக்கு மூவாயிரம்.
ஒன்றும் விசேஷமில்லை."

ஆடு ஒன்று திரும்பி வந்து
செவேரோ மேல் விலாவைத் தேய்த்தது.
உள்ளே தண்ணீர் அசைந்ததா
தெரியாது.