பின்பலகை

படத்தின் முன்பக்கம் அவர்களுடையது,
பின்பக்கம் எங்களுடையது.
இது எனக்கு விளங்க
கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம் ஆயிற்று.

தேவகோட்டை, ஊருணி மேற்குக் கரை,
சாத்தையா பிரேம் ஒர்க்ஸ்.
சாத்தையா ஆசாரி ரங்கூனில் கண்ணாடி அறுத்தவர்.
குண்டு விழுந்த வருஷம்
அரக்கான் காட்டு வழியே நடந்து வந்தார்.
இடுப்பு முடிச்சில் ஒரு வைர ஊசி:
பித்தளைக் காம்பு, நுனியில் கடுகை விடச் சிறிய வைரம்.
வந்து சேர்ந்தால்,
அறுக்க ஊரில் கண்ணாடி இல்லை.
போர். கப்பல் வரவில்லை.

ஆகவே கடை தொடங்கியது
பெரிய வீடுகளின் உடைந்த பீரோக் கதவுகளில்.
அதே வீட்டுக் கண்ணாடியை
அதே வீட்டுக்குத் திருப்பி விற்றார்,
நடுவில் அவர்கள் அப்பாவை வைத்து.

மகன்கள் இரண்டு பேர். பாகம் பிரிந்தபோது
கடை மூத்தவருக்கு, ஊசி இளையவருக்கு.
எதிர்ச் சாரியில் இன்னொரு கடை.
இவர் கண்ணாடி அறுக்க அங்கே போய் நிற்க வேண்டும்,
அவர் மூலை வெட்டும் பெட்டிக்கு இங்கே வர வேண்டும்.
ஆறு வருஷம் பேச்சில்லை.
அளவை விரலால் காட்டிக்கொண்டார்கள்.
இளையவர் போன அன்று
அவர் படத்துக்குக் கண்ணாடி அறுக்க ஊசி வந்தது.
திரும்பிப் போகவில்லை.

தொழில் படுத்துவிட்டதா என்று கேட்காதீர்கள்.
போன மாதம் பட்டமளிப்பு, முந்நூறு சட்டம்.
பிறந்த குழந்தையின் கால்தடத்துக்குக்கூட
இப்போது பார்டர் கேட்கிறார்கள்.

பெரோஸ் வருவது செவ்வாய்க்கிழமை,
காரைக்குடியிலிருந்து லோடு ஆட்டோவில்.
எட்டுப் பங்காளிக்கும் வேண்டாத பெரியவர்கள்
சாக்கு போர்த்திப் படுத்திருப்பார்கள்.
"அக்கா, ஆளை எடுத்துட்டு
சட்டத்தை மட்டும் குடுங்க."
பர்மாத் தேக்கு. பெங்களூர் ஹோட்டலில்
முகம் பார்க்கும் கண்ணாடி ஆகும்.

அப்படித்தான் ஒரு மீசைக்காரரை எடுத்தேன்.
ஆணிகள் துரு. பலகை நெம்பியதும்
பூச்சி ஓடியது, பிறகு பென்சில் எழுத்து.
எழுத்து எனக்குப் பழக்கம்தான்.
இதுவரை வந்ததெல்லாம்
"மழை. பசை காயவில்லை",
"இடது மூலை சரியில்லை, தெரியாது" போன்றவை.
இதில் மட்டும் ஐந்து வரி:

சுபானு வருஷம், ஐப்பசி 14.
கண்ணாடி, கிழக்கு அறை பீரோ.
கூலி நாலு, வரவு இரண்டு.
வரவு மருத்துவச்சிக்கு.
ஆண். இரண்டு பேரும் நலம். அரை நாள் கடை.

மாமனார் பெரியகருப்பன் பிறந்த தேதி
பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்டது.
அதை நம்பி எண்பதாம் கல்யாணத்துக்கு
வருகிற சித்திரையில் மண்டபம் பேசியிருந்தோம்.
பலகையை அவர் மடியில் வைத்தேன்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் படித்தார்.
விரல் விட்டு எண்ணினார்.
எண்பது போன வருஷமே போயிருந்தது,
ஒரு பாயசம் இல்லாமல்.

"இடது மூலை பிசகில்லாம சேர்த்திருக்காரு பாரு" என்றார்,
"புள்ளை பிறந்த அன்னிக்கும்."
அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.
மண்டபத்துக்கு அட்வான்ஸ் திரும்பி வரவில்லை.

சட்டம் பெங்களூர் போயிற்று.
மீசைக்காரரை நான் கொடுக்கவில்லை,
பெரோஸ் கேட்கவும் இல்லை.
சைனா ஃபைபர் சட்டம் ஒன்று போட்டு
கல்லாவுக்கு மேல் மாட்டியிருக்கிறோம்.
வருகிறவர்கள் நிமிர்ந்து பார்த்து
கடை ஆரம்பிச்ச ஐயாவா என்கிறார்கள்.

"இல்லை," என்கிறார் மாமனார்,
"ரெண்டு ரூபாய் பாக்கி."