கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

ஐந்து இருபத்தைந்துக்கு வருவான்.
சப்பாத்தில் செம்மண், மயிரில் பனி,
கையில் பேணியோடு பிளேன்டீ.
ஐந்து முப்பதுக்கு நான் விரல் உயர்த்த
சிவப்பு விளக்கு எரியும்.
அதுவரை அவன் சின்னக்காளை மகன் முத்துவேல்,
அதன்பின் கவின்ராஜ்.
பெயரை நிலைய முகாமையாளர் வைத்தார்.
அவனிடம் கேட்கவில்லை.

"மலைக்கு ஏறப்போற கால்களே, வணக்கம்" என்பான்.
அட்டனிலிருந்து மஸ்கெலியா வரைக்கும்
லயத்து அடுப்படிகளில் அவன்தான் மணிக்கூடு.
நோர்வூட்டிலிருந்து பொன்னழகி எழுதியிருந்தாள்:
உன் முதல் சிரிப்புக்கு ரொட்டியைத் திருப்புவேன்
ரெண்டாவதுக்குப் பிள்ளையை எழுப்புவேன்
மூணாவது சிரிச்சிராத தம்பி, பெரட்டுக்குப் பிந்திரும்.

மழை இல்லை என்று ஒருநாள் சொன்னான்.
கொட்டித் தீர்த்தது.
படங்கு கட்டாமப் போனேன், காய்ச்சல் உன் கணக்குல,
என்று அவளே மறுபடியும்.
அதையும் வாசித்தான், மன்னிப்புக் கேட்டான்,
பஸ் கண்டக்டரிடம்
ஒரு பனடோல் அட்டை கொடுத்தனுப்பினான்.

ஆறு பத்துக்கு மரண அறிவித்தல்.
குரலை இரண்டு படி இறக்குவான்,
நிறைகுடத்தோடு பீலிக்கரையில்
வழுக்காமல் இறங்குவது போல.

ஒரு நவம்பரில் அந்தத் தாள் என் கைக்கு வந்தது.
சின்னக்காளை, வயது அறுபத்தொன்று, கீழ்ப்பிரிவு.
கண்ணாடியில் ஒட்டிப் பிடித்துக் காட்டினேன்.
தா என்று தலையசைத்தான்.
இரவே தெரிந்திருக்கிறது அவனுக்கு,
விடியுமுன் மூன்று மைல் நடந்து வந்திருக்கிறான்.
வாசித்தான். அதே இரண்டு படி.
"அன்னாரின் மகன் முத்துவேல்" என்று
தன் பெயரையும் யாரோ ஒருவனுடையதாக வாசித்தான்.
வலது கை மட்டும் மேசைக்கு அடியில்
முழங்காலைக் கசக்கிக்கொண்டிருந்தது.
பாட்டைப் போட்டேன்.
கல்யாணப் பாட்டு.
கைக்கு வேறெதுவும் அகப்படவில்லை.

பிறகு கொழும்பிலிருந்து ஆள் வந்தது.
நாடகத்தில் முதலில் தபால்காரன்,
ஒரே வசனம்: இங்க ஒரு கையெழுத்து.
அடுத்ததில் பொலிஸ், அதற்கடுத்ததில் பிணம்.
அப்புறம் படம். கதாநாயகனின் அண்ணன்,
தேயிலைத் தோட்டத்துக்காரன்.

அட்டனில் படம் வந்த ஞாயிறு
லொறி பிடித்து வந்தார்கள் நோர்வூட்டுப் பெண்கள்.
அவன் முகம் திரை நிறைய வந்தது. கைதட்டல்.
வாயைத் திறந்தான்,
உள்ளேயிருந்து வேறு யாரோ பேசினார்கள்.
மலைநாட்டு இழுவை வியாபாரத்துக்கு ஆகாதாம்.
தோட்டத்தானாக நடிப்பவனுக்குத்
தோட்டத்துப் பேச்சு கூடாதாம்.

"யாருடி இது?" என்றாள் ஒருத்தி, சத்தமாகவே.
"நம்ம பொடியன் எங்க?"
இடைவேளையில் பொன்னழகி வெளியே வந்து
போஸ்டரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.
இந்த முகத்தை அவள் நினைத்திருக்கவில்லை.
இவ்வளவு ஒல்லியாகவும்.

எனக்கு அது பழக்கம்.
மொனிட்டரை நிற்பாட்டிவிட்டு ஆறு வருஷம்
அந்த வாயை மட்டும் பார்த்திருக்கிறேன்.
எந்த எழுத்துக்கு உதடு கோணும், எங்கே மூச்சு வாங்கும்,
எல்லாம் தெரியும்.
ஆற்றங்கரையில் அவன் உருண்டு அழுத காட்சியை
நான் நம்பவில்லை.
ஆனால் கச்சேரியில் ஒரு காட்சி.
குமாஸ்தா எதையோ சொல்கிறான்.
இவனுக்கு வசனம் இல்லை.
வலது கை மெல்ல மேசைக்கு அடியில் போகிறது.

எனக்குப் பின்னால் யாரோ கச்சான் உடைத்தார்கள்.

அன்றிரவு போன் எடுத்தான்.
"பார்த்தியா?"
பார்த்தேன்.
"எப்பிடி?"
கச்சேரிக் காட்சி நல்லம் என்றேன்.
கொஞ்ச நேரம் லைனில் இரைச்சல் மட்டும்.
"அத வெட்டச் சொன்னாங்க" என்றான்,
அவனுடைய சொந்தக் குரலில்.

காலையில் புதுப்பிள்ளை தர்ஷிகா
நேரத்தை ஐந்து நிமிஷம் பிந்திச் சொன்னாள்.
நான் திருத்தவில்லை.
நோர்வூட்டில் ரொட்டி கருகியிருக்கும்.