நாலு நிமிஷம் பதினோரு நொடி

திருச்செங்கோட்டில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில்,
ஜெராக்ஸ் கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவே
ஆறடி அகலம் என் கடை.
'பாட்டு ஏற்றித் தரப்படும்' என்று எழுதியிருந்ததில்
பாட்டு மட்டும் வெயிலில் வெளுத்துவிட்டது.
ஏற்றித் தரப்படும். அவ்வளவுதான்.

பொங்கியண்ணன் வந்தது ஆடி நோம்பிக்கு முந்தின நாள்.
ரிக் வண்டிக்காரர்.
ராய்ப்பூர்ப் பக்கம் எட்டு மாசம்
எண்ணூறு அடி, தொள்ளாயிரம் அடி என்று
பாறைக்குள் இறங்கிவிட்டு வந்தவர்.
முடி வெட்டியாயிற்று;
புருவத்தில் கல்தூள் போகவில்லை.

மேசைமேல் மூன்றை வைத்தார்.
பட்டன் தேய்ந்த பழைய போன்,
மகள் வாங்கித் தந்த புதுசு,
லாரியில் செருகும் பென்டிரைவ், சிவப்பு நூல் கட்டியது.
"இதுல இருக்கற பாட்டு அதுலயும் வேணும் அம்மிணி,
இதுலயும் வேணும். ஒரே ஒரு பாட்டுதானுங்க."

ஒரே பாட்டு என்று வருகிறவர்களிடம்தான் எனக்குப் பயம்.
நானூறு கேட்பவருக்கு
எது விட்டுப்போனாலும் தெரியாது.

கேபிள் போட்டேன். வந்தது,
பெயரோடு, படத்தோடு, மூன்று புள்ளி எட்டு எம்பி.
புதுப் போனில் தொட்டால்
'இந்தக் கருவிக்கு உரிமை இல்லை.'
பென்டிரைவை ஸ்பீக்கரில் செருகினால்
அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று
அடுத்ததற்குத் தாவியது.
பெயரின் வாலை வெட்டி வேறு வால் ஒட்டினேன்,
கொம்பு சீவி, எண்ணெய் தடவி
கண்ணபுரம் சந்தையில் மாட்டுக்கு வயசு குறைப்பதுபோல.
சந்தை ஏமாறும்.

"காசு குடுத்து வாங்குனதுங்க."
பதினைந்து ரூபாய். பாலன்ஸில் பிடித்தார்களாம்,
நாக்பூர் தாண்டி ஒரு டாபாவில், ராத்திரி.
விற்ற கம்பெனி இப்போது இல்லை.
சாவி வைத்திருந்த சர்வரும் இல்லை.
பூட்டு மட்டும் இருக்கிறது,
முதலாளி செத்தது தெரியாத வாட்ச்மேன் மாதிரி,
வாங்கினவரையே வாசலில் நிறுத்திக்கொண்டு.

இந்தக் கடையில் ஆயிரக்கணக்கில் ஏற்றியிருக்கிறேன்.
யாருடையது என்று ஒருநாளும் கேட்டதில்லை.
பெருமையில்லை. வெட்கம் என்றும் சொல்லமாட்டேன்,
வாடகை கட்டினேன்.
அத்தனையும் ஓடின.

நெட்டில் தேடி அதே பாட்டை எடுத்துக் கொடுத்தேன்.
புது மிக்ஸிங். தபேலா இருந்த இடத்தில் ஏதோ தகர டப்பா.
பத்து நொடி கேட்டார்.
"இது வேறைங்க."
ஏன் அந்தப் பாட்டு என்று நான் கேட்கவில்லை; அவராகச் சொன்னார்:
"கம்ப்ரசர் ஓடறப்ப ஒண்ணும் கேக்காதுங்க.
நிறுத்துனா ஒரு அமைதி வரும் பாருங்க, காது வலிக்கும்.
அப்பப் போடுவனுங்க."

ஷட்டரைப் பாதி இறக்கினேன். ஃபேனை நிறுத்தினேன்.
இரண்டு போனையும் முகத்துக்கு முகம் சாய்த்து
பழசைப் பாடவிட்டேன், புதுசைக் கேட்கவிட்டேன்.
எவ்வளவு பெரிய பூட்டும்
காதுக்கு ஒருதரம் திறந்துதானே ஆகவேண்டும்.

நாலு நிமிஷம் பதினோரு நொடி
இரண்டு பேரும் பேசாமல் வேர்த்தோம்.
முதல் சரணத்தில்
'சங்ககிரி ஈரோடு, ஈரோடு ஈரோடேய்!'
நடுவில் தோசைக்கல்லில் கொத்து,
தாளத்துக்கு அரை மாத்திரை பிந்தி.
கடைசிப் பல்லவியில் என் தும்மல்.
அடக்கிப் பார்த்தேன், பாதிதான் அடங்கிற்று.

"இன்னொருக்கா எடுத்துத் தர்றனுங்க."
அவர் காதோடு வைத்து முழுசும் கேட்டார்.
"இருக்கட்டும் அம்மிணி.
எதுல போட்டாலும் ஓடுமில்லீங்க?"

ஓடும்.
இருபது ரூபாய் வாங்கினேன்,
பாட்டின் விலையைவிட ஐந்து கூட.

இந்நேரம் எங்கோ கம்ப்ரசர் நின்றிருக்கும்.
சேற்றுக் கையோடு யாரோ அமுக்க
ஈரோட்டு பஸ் கிளம்பும், கொத்து விழும்,
நான் தும்முவேன்.
ரிக்கில் இருக்கும் பையன்கள்
ஆளுக்கொன்று ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.
என்னை ஒருவரும் கேட்கவில்லை.

கேட்காவிட்டால் போகிறது,
பக்கத்தில் இருக்கிற எவனாவது
நூறு என்று சொன்னால் சரி.