ஒற்று

சிம்மக்கல் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவன் நான்.
மேலூர்ப் பக்கம் குவாரியை மூடச் சொல்லிப்
போன மாசி முழுக்கக் கத்தியவனும் நானே.

இன்று மந்தையன் கொண்டுவந்தது
திறக்கச் சொல்லும் துண்டறிக்கை.
அவருக்கு என்னைத் தெரியாது.
எட்டாயிரம் பிரதி, மஞ்சள் தாள், சாயங்காலத்துக்குள்.

எரிச்சலோடுதான் தொடங்கினேன்.
கொட்டை எழுத்தில் தலைப்பு:
‘வேலைக் கொடு!’
பழமுதிர்சோலை முருகனிடம் போய்க் கேட்கட்டும்
என்று சிரித்தேன்.
அப்படியே விட்டால் ஊரே சிரிக்கும்.

பிழை தேடுபவன்
எழுத்தெழுத்தாகத்தான் நடக்க வேண்டும்.
தாண்டிப் போக வழியில்லை.
ஆறாவது வரியில் இருந்தது:
‘அந்த மலையை எங்களைவிட
அதிகம் தொட்டவர் யார்?’

பிழையில்லாத வாக்கியம்.
இரண்டு முறை பார்த்தேன்.
நான் எழுதிய துண்டறிக்கையில் மலை இருந்தது,
கழுகு இருந்தது, சுனை இருந்தது.
கை ஒன்றுகூட இல்லை.

குவாரி மூடியே கிடக்கட்டும்,
இப்போதும் அதைத்தான் சொல்வேன்.
சனிக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து சொல்லும்போது
அந்த வரிக்குப் பதில் வேண்டும்.
இன்னும் அகப்படவில்லை.

தலைப்பில் உட்கார்ந்திருந்த
ககர ஒற்றை அடித்தேன்.
வேலை கொடு.

மந்தையன் எட்டிப் பார்த்தார்:
“ஒரு எழுத்துக்கா சார் இவ்வளவு நேரம்?”