கொசு மருந்துப் புகை

பழைய ஆட்டங்களில் எல்லாம் பனி கொட்டும்.
பத்தடிக்கு அப்பால் எதையும் வரைய வக்கில்லாததை
அந்தப் பனி மூடிக்கொள்ளும்.
மதுரையில் பனிக்கு எங்கே போவது?
மார்கழியிலும் மின்விசிறி நாலில் சுற்றுகிற ஊர்.
குபேந்திரன்தான் சொன்னான்:
"கார்ப்பரேஷன்ல கொசு மருந்து அடிக்கிறாய்ங்கள்ல,
அந்தப் புகைய விடு."

விட்டோம்.
செல்லூர் முழுக்க வெளுத்துப்போனது.
அறுநூறு வீடு வரைகிற வேலை மிச்சம்.

கதை என்று பெரிதாக இல்லை.
செத்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.
நீ வைகையைக் கடந்து
ஆரப்பாளையத்தில் தேனி வண்டியைப் பிடிக்க வேண்டும்.
ஆற்றில் தண்ணீர் இல்லை,
தண்ணீர் வரைய எங்களிடம் காசும் இல்லை.
ஆறு தோட்டா. மூன்று டீ டோக்கன்.
டோக்கனைக் கொடுத்தால் மாஸ்டர் ஒரு ஆற்று ஆற்றுவார்,
அதுவரை ஆடியது பத்திரமாகும்.
நாலாவது டீ கிடையாது.

துப்பாக்கிச் சத்தம், என் வீட்டு பீரோக் கதவு.
கடிக்கிற சத்தம், வெள்ளரிப் பிஞ்சு,
அரைக் கிலோ இருபது ரூபாய்,
பதிவு முடிந்ததும் உப்புத் தொட்டுத் தின்றோம்.
ஒவ்வொரு கடைக்குள்ளும் நுழையுமுன்
ஷட்டர் ஒன்பது வினாடி கிறீச்சிட்டு ஏறும்.
ஆடுகிறவன் நெஞ்சைப் பிடித்துக்கொள்வான்.
பழைய கம்ப்யூட்டர் மூச்சு வாங்குகிறது என்பது
எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

ஓடிக்கொண்டே திரும்ப முடியாது.
அந்தக் காலத்து முறை.
நிற்க வேண்டும், நின்ற இடத்தில் சுழல வேண்டும்,
அப்புறம்தான் அடுத்த அடி.
இப்போதைய பையன்கள் வைவார்கள் என்றேன்.
"வையட்டும். ஓடிக்கிட்டே திரும்புறவனுக்கு
என்னடா பயம் வந்துரப்போகுது?"

ஒரு பிணத்துக்குத்தான் காசு இருந்தது.
அதற்கும் முகம் தனியாக வாங்கணும் என்றார்கள்.
மொட்டைமாடியில் நிறுத்தி
நேராக ஒன்று, பக்கவாட்டில் இரண்டு
குபேந்திரனை போனில் எடுத்தேன்.
பச்சை பூசினேன்.
காளவாசல் சிக்னலில் வேன் இடித்த இடது காலை
அவன் இழுத்து நடக்கிற நடையையும் எடுத்துக்கொண்டேன்.
நாற்பது குபேந்திரன்கள்.
சிலருக்கு லுங்கி, சிலருக்கு பேன்ட்,
ஒருத்தனுக்கு மட்டும் கண்டக்டர் பை.

பதினோராயிரம்.
அவன் பேரில் வட்டிக்கு எடுத்தது.
அடுத்த மாதம் கட்டிவிடுகிறேன் என்று
நான் சொன்ன மாதங்கள் எத்தனை என்று எண்ணவில்லை;
அவன் எண்ணியிருந்தான்.
ஹெட்செட்டை மட்டும் கழற்றிக்கொண்டு இறங்கினான்.
மாடிப்படியில் அந்தக் காலின் சத்தம்
நான் பதிவு செய்ததைவிட நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகு சோதித்துப் பார்க்க நான் மட்டும்தான்.
தூங்கா நகரம் என்று யாரோ பேர் வைத்துவிட்டார்கள்,
எனக்கும் தூக்கமில்லை, அவர்களுக்கும் இல்லை.
புகைக்குள்ளிருந்து வருவார்கள்
கையை நீட்டிக்கொண்டு.
பிணங்கள் அப்படித்தான் வரும், உலக வழக்கம்.
ஆனாலும் எனக்கு
அந்தக் கைகளில் தொகை தெரியும்.

கண்டக்டர் பைக்காரன் கடிப்பதில்லை.
ஷட்டர் முன்னால் வந்து சும்மா நிற்கிறான்.
ஒரு வரியில் பிழை.
எந்த வரி என்றும் தெரியும்.
திருத்தவில்லை.

போன வெள்ளிக்கிழமை, விடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது,
ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே
நிஜமாகவே கொசு மருந்து அடித்துக்கொண்டு போனார்கள்.
டீக்கடை விளக்கு மட்டும் மஞ்சளாய்த் தெரிந்தது.
மூக்கு எரிந்தது; எங்கள் புகையில் இந்த எரிச்சல் இல்லை.
உள்ளேயிருந்து
இழுத்து, ஊன்றி, இழுத்து, ஊன்றி
ஒரு கால்.

முகம் பார்க்கவில்லை.
பையில் நானூற்றுச் சொச்சம் இருந்தது.
ஓட ஆரம்பித்துவிட்டேன், பொய் சொல்வானேன்,
பெட்டிக்கடை வரைக்கும் ஓடினேன்.

நின்றால்தான் திரும்ப முடியும்.
நாங்கள்தான் எழுதியது.

நின்றேன்.